அண்ணல் பிரதிவாதியாக நின்ற பத்து ஆண்டுகள்

சந்தவாசலில் இறங்கிப் படவேடு பக்கம் போனாலும் சரி, ஜவ்வாது மலைப் பக்கம் திரும்பினாலும் சரி, காலனிகளில் அண்ணல் அம்பேத்கரின் படத்தையோ சிலையையோ பார்க்கிறோம். ஒரு கையில் அரசமைப்புச் சட்டப் புத்தகம், மறு கையில் நீட்டிய விரல். அந்தச் சட்டத்தை எழுதியவர் அவர் என்று ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதே மனிதர், பொதுக் குளம் ஒன்றில் தண்ணீர் குடித்ததற்காக ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் பிரதிவாதியாக இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த வழக்கைத் தெரிந்துகொண்டால்தான், அதிகாரிகளைக் கேள்வி கேட்கும் உரிமையை அவர் ஏன் அவ்வளவு பெரிதாக மதித்தார் என்பது நமக்கு விளங்கும்.

மேலே உத்தரவு, கீழே அவமதிப்பு

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். சமூகம் மகர். சதாராவில் பள்ளிக்குப் போனபோது, உட்காரக் கோணிச் சாக்கை வீட்டிலிருந்து எடுத்துப் போனார். தாகம் எடுத்தால் பியூன் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அது அரசுப் பள்ளி. தீண்டாத பிள்ளைக்குத் தண்ணீர் தரக் கூடாது என்று எந்த அரசுச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் தண்ணீர் கிடைக்கவில்லை.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகைக்கு நிபந்தனை, படித்து வந்து பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்பது. 1917-ல் அந்த வேலையில் சேர்ந்தார். நியமித்தவர் மன்னர். ஆனால் அலுவலகத்தில் இருந்த பியூன்கள், தீட்டுப் படும் என்று கோப்புகளை அவர் மேசையில் தூர இருந்தே எறிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஊரில் வாடகைக்கு வீடு கிடையாது. பெயரை மாற்றிப் பார்சி விடுதியில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. சில நாட்களிலேயே வேலையை விட்டுப் பம்பாய் திரும்பினார்.

மேலே இருப்பவர் நல்லவராக இருந்து நல்ல உத்தரவு போட்டால் மட்டும் போதாது, அதை நிறைவேற்ற வேண்டியவர் மறுத்தால் அவரைக் கேட்க ஒரு வழி வேண்டும் என்ற பாடம் அவருக்கு அங்கேயே தொடங்கியது.

தீர்மானம் வந்தது, தண்ணீர் வரவில்லை

லண்டனில் பொருளாதாரமும் சட்டமும் படித்து, 1922-ல் பாரிஸ்டர் ஆகி, 1923-ல் பம்பாயில் வக்கீல் தொழில் தொடங்கினார் அண்ணல். அதே ஆண்டு ஆகஸ்ட் 4-ல் பம்பாய் சட்ட மேலவையில் எஸ்.கே.போலே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார். அரசுப் பணத்தில் கட்டிய, அரசு பராமரிக்கும் கிணறு, குளம், சத்திரம், பள்ளி, நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் தீண்டாதார் எனப்பட்ட மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது தீர்மானம். அரசு அதை ஏற்றுத் துறைத் தலைவர்களுக்கு உத்தரவு அனுப்பியது.

நம் சென்னை மாகாணத்திலும் அதே காலத்தில் அதே வேலை நடந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எவருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. ஆணை வந்த பிறகும் பல ஊர்களில் தெருவும் கிணறும் அடைத்தே கிடந்தன என்பதை நம் பாட்டன் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

பம்பாய் மாகாணத்தில் கொலாபா மாவட்டத்து மகத் ஊரின் நகராட்சி, 1924 ஜனவரியில் சவுதார் குளத்தைத் தீண்டாதாருக்குத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. நான்கைந்து ஏக்கர் பரப்புள்ள பெரிய குளம். சாதி இந்துக்கள் எடுத்தார்கள், முஸ்லிம்கள் எடுத்தார்கள். தீர்மானம் போட்டு மூன்று ஆண்டு ஆகியும் ஒரு மகர்கூட ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியவில்லை.

1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகத்தில் மாநாடு கூடியது. இரண்டாம் நாள், ஆயிரக்கணக்கானோர் பின்தொடர, அண்ணல் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். சிறிது நேரத்தில், இவர்கள் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று ஊரில் வதந்தி கிளம்பியது. தடியோடு வந்தவர்கள், மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களையும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களையும் அடித்தார்கள். திருப்பி அடிக்க வேண்டாம் என்று தன் ஆட்களை அண்ணல் தடுத்தார். பிறகு 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

அடித்தவர்கள் மேல் குற்ற வழக்கு நடந்தது. ஜூன் மாதம் மாவட்ட மாஜிஸ்திரேட் ஐந்து பேருக்கு நான்கு மாதம் கடுங்காவல் விதித்தார். அதில் அண்ணல் மகிழ்ந்து நின்றுவிடவில்லை. மாவட்டத்தின் முக்கிய அதிகாரிகள் சாதி இந்துக்களாக இருந்திருந்தால் இந்த நீதி கிடைத்திருக்காது என்று அவர் கருதினார். நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் நீதி கிடைக்கும் என்றால், அதை உரிமை என்று சொல்ல முடியாது.

குளத்தின் மேல் வழக்கு

ஆகஸ்ட் மாதம் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது. அண்ணல் டிசம்பரில் மறுபடி மாநாடு அறிவித்தார். டிசம்பர் 12-ல் சாதி இந்துக்கள் சிலர் மகத் சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். குளம் தங்களுடையது, தீண்டாதார் அதைத் தொடக் கூடாது என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம், ஆகவே நிரந்தரத் தடை வேண்டும் என்று கேட்டார்கள். பிரதிவாதிகளில் முதல் பெயர் டாக்டர் அம்பேத்கர். இரண்டே நாளில் இடைக்காலத் தடையாணையும் வாங்கிவிட்டார்கள்.

டிசம்பர் 25-ல் மாநாடு கூடியது. அன்று இரவுதான் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. வந்தவர்கள் எல்லோரும் குளத்தில் இறங்கத் துடித்தார்கள். மாவட்ட மாஜிஸ்திரேட்டும் வந்து நீதிமன்ற ஆணையை மதிக்கும்படி கேட்டுக்கொண்டார். அண்ணல் யோசித்தார். மனுவின் சட்டத்தை எரித்தவர், நீதிமன்றத்தின் தடையாணையை மீறவில்லை. கூட்டத்தைச் சம்மதிக்க வைத்து, குளத்தைச் சுற்றி ஊர்வலம் மட்டும் போய்த் திரும்பினார். அது கோழைத்தனம் என்று பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் சட்டத்தை மதிக்காதவர்கள் என்ற பெயரோடு அந்த வழக்கை நடத்த அவர் விரும்பவில்லை.

1928 பிப்ரவரியில் இடைக்காலத் தடை நீங்கியது. 1931 ஜூன் 8-ல் மூல வழக்கு தள்ளுபடி ஆனது. வாதிகள் தாணாவில் மேல்முறையீடு செய்தார்கள், 1933-ல் அங்கேயும் தோற்றார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். 1937 மார்ச் 17-ல் நீதிபதி புரூம்ஃபீல்டு அமர்வு கடைசித் தீர்ப்பைச் சொன்னது. குளம் நகராட்சியின் பொறுப்பில் உள்ள பொதுச் சொத்து என்பது கீழ் நீதிமன்றங்களிலேயே முடிவாகியிருந்தது. தொன்றுதொட்ட வழக்கம் என்று சொன்னவர்களால் அதையும் நிரூபிக்க முடியவில்லை. வழக்கு முடிந்தது. 1922-ல் காந்திக்கு ஆறு ஆண்டு சிறை விதித்தவரும் இதே புரூம்ஃபீல்டுதான்.

தண்ணீர் குடித்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் மூன்று நாள் குறையப் பத்து ஆண்டு. தீர்ப்பு வந்தபோது அண்ணல் பம்பாய் அரசுச் சட்டக் கல்லூரியின் முதல்வர். சட்டம் சொல்லிக் கொடுக்கும் கல்லூரிக்கே தலைவராக இருந்தவர், ஒரு கை தண்ணீருக்கான வழக்கில் இன்னும் பிரதிவாதியாக இருந்தார்.

இந்த வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசு உத்தரவை நிறைவேற்றாத நகராட்சிமேல் மகர்கள் வழக்குப் போடவில்லை. உரிமையை மறித்தவர்கள்தான் வழக்குப் போட்டார்கள், உரிமை கேட்டவர்கள் பதில் சொல்லும் இடத்தில் நின்றார்கள். இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும், உரிமை இழந்தவன் வாதியாகவும் கடமை தவறிய அதிகாரி பதில் சொல்பவராகவும் நிற்க வேண்டும் என்பதற்காக அண்ணல் செய்த வேலைதான் இனி நாம் சொல்லப் போவது.

லண்டனில் இருவர் வைத்த கோரிக்கை

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இருவர். ஒருவர் அண்ணல், மற்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். இருவரும் கையெழுத்திட்டு ஒரு கோரிக்கை மனுவைக் கொடுத்தார்கள். தனித் தொகுதி கேட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்கும் முன்னால் முதல் நிபந்தனையாக அவர்கள் கேட்டது சமக் குடியுரிமை. அதோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள். 1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 110-வது பிரிவு, ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களுக்கு நீதிமன்ற நடவடிக்கையிலிருந்து பாதுகாப்புத் தந்திருந்தது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட வேண்டும், ஓர் ஐரோப்பியரிடம் தவறாக நடந்தால் எந்த அளவுக்குப் பொறுப்பேற்க வேண்டுமோ, அதே அளவுக்கு இந்தியரிடம் நடந்தாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றும் கேட்டார்கள்.

1947-ல் அரசமைப்புச் சட்ட வேலை தொடங்கியபோது, அண்ணல் மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற நூலைக் கொடுத்தார். அரசு அதிகாரத்தின் கொடுமையிலிருந்து குடிமகனை நீதிமன்றம் காக்க வேண்டும், அதற்கான பேராணைகளைப் பிறப்பிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு வேண்டும் என்று அதிலும் எழுதினார். அந்த ஆண்டு ஆகஸ்டில் வரைவுக் குழுவின் தலைவரானார்.

1948 நவம்பர் 29-ல் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு நிறைவேறியது. இன்று அது 17-வது பிரிவு. பத்து நாள் கழித்து, டிசம்பர் 9-ல், இன்று 32-வது பிரிவாக இருப்பது விவாதத்துக்கு வந்தது. அடிப்படை உரிமை மறுக்கப்பட்டால் எவரும் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பது அந்தப் பிரிவு. இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பயனற்றுப் போகும் என்று தன்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன் என்ற பொருளில் அண்ணல் அவையில் பேசினார். அரசமைப்பின் உயிரும் இதயமும் அதுவே என்று கருதினார். இதே அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்குத் தருவது 226-வது பிரிவு.

ரிட் மனு என்று நாம் சொல்வது இதைத்தான். பிடித்துக்கொண்டு போனவரைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வது ஆட்கொணர்வு மனு. செய்ய வேண்டிய கடமையைச் செய் என்று அதிகாரிக்கு ஆணையிடக் கேட்பது இன்னொரு வகை. மனுவில் கலெக்டர், தாசில்தார், எஸ்.பி. ஆகியோர் எதிர்மனுதாரர்கள். மகத் வழக்கு இங்கே தலைகீழானது.

இந்தக் கருவி எல்லோருக்கும் பொது. முதலில் அது நமக்கு எதிராகவும் பயன்பட்டது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணையை எதிர்த்து 226-வது பிரிவின் கீழ் வழக்குப் போட்டு, 1950-ல் உயர் நீதிமன்றத்திலும் 1951-ல் உச்ச நீதிமன்றத்திலும் அதை ரத்து செய்ய வைத்தார்கள். சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் நீதிமன்றக் கதவை அடைக்கச் சொல்லவில்லை. அதே ஆண்டு முதல் அரசமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் வாதாடி ஆதரித்தார். பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சமூகத்துக்கும் பழங்குடிக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படி வந்தது.

இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டதால் 1951-ல் அமைச்சர் பதவியை விட்டார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6-ல் டெல்லியில் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த தீர்ப்புகள்

எழுதி வைத்த பிரிவு தானாக வேலை செய்யவில்லை. 1960-களில் ஒரு வழக்கு வந்தது. மீரட்டில் ஒரு வியாபாரியிடம் போலீசார் பறிமுதல் செய்த தங்கத்தை ஏட்டு ஒருவர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வியாபாரி அரசிடம் நஷ்டஈடு கேட்டார். கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் அரசின் இறையாண்மைப் பணி, அதில் நேர்ந்த தவறுக்கு நஷ்டஈட்டு வழக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து விதி அது.

அதைத் தாண்டியது 32-வது பிரிவுதான். பீகாரில் ஒருவர் 1968-லேயே விடுதலை செய்யப்பட்டும் 1982 வரை சிறையிலேயே கிடந்தார். ஆட்கொணர்வு மனு போனது. வெளியே விட்டதோடு முடியாது, 14 ஆண்டு பறித்ததற்கு அரசு பணம் தர வேண்டும் என்று 1983-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தொகை 35,000 ரூபாய்தான். ஆனால் கதவு திறந்தது. 1993-ல், போலீஸ் காவலில் மகனை இழந்த ஒடிசாத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் தரச் சொன்ன தீர்ப்பு, அடிப்படை உரிமையை மீறிய அரசு இறையாண்மையைச் சொல்லித் தப்ப முடியாது என்று உறுதிசெய்தது.

நமக்குப் பக்கத்தில் நடந்தது வாச்சாத்தி. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலை அடிவாரம். நம் ஜவ்வாது மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20-ல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், மக்களைச் சிறையில் அடைத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அரசுத் தரப்பு முதலில் சொன்னது. மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995-ல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரவும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது.

31 ஆண்டு. மகத்தைவிட மூன்று மடங்கு. இதை வெற்றி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக நமக்கு மனம் வரவில்லை. தீர்ப்பைக் கேட்காமலே மூத்தவர்கள் சிலர் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் 215 அரசு ஊழியர்களைக் கூண்டில் நிறுத்தியது, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மாற்றாமல் சொன்ன சாட்சியம். அதை நாம் மறக்கக் கூடாது.

2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு இறந்த 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தவர். இறந்தவர் ஒருவரின் மனைவி நீதிமன்றம் போனதால்தான் சில உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. கணவனை அடக்கம் செய்வதற்கு முன்னால் நீதிமன்றப் படி ஏறிய அந்தப் பெண் பிடித்தது அண்ணல் வைத்துவிட்டுப் போன பிடியைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, பட்டா தந்தும் நிலத்தை அளந்து காட்டவில்லை, மலையாளிப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் தரவில்லை, புகார் கொடுத்தும் வழக்குப் பதியவில்லை. இவையெல்லாம் இன்றைய சவுதார் குளங்கள். ஆணை இருக்கிறது, தண்ணீர் வரவில்லை.

மகத் வழக்கில் வென்றது ஆவணம். ஆகவே எந்தக் கோரிக்கையானாலும் எழுத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாயால் சொன்ன மனுவுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

பட்டியல் சமூகத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். வட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் நீதிமன்ற வளாகத்திலேயே இதற்கான அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, அந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. பட்டியல் சமூகம், பழங்குடி அல்லாத ஊழியர்களுக்கு அது பொருந்தும். புகாரைப் பதிய மறுப்பவரிடம் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் ஊருக்கு ஒருவராவது சட்டம் படிக்க வேண்டும். படிக்க முடியாதவர்கள் 14, 17, 21, 32, 226 என்ற ஐந்து எண்களையாவது பொருளோடு தெரிந்துகொள்ளட்டும். சமத்துவம், தீண்டாமை ஒழிப்பு, உயிர் வாழும் உரிமை, உச்ச நீதிமன்றம் போகும் வழி, உயர் நீதிமன்றம் போகும் வழி. சிலைக்கு மாலை போடும் நாளில் இந்த ஐந்தையும் வயதில் சின்னப் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்தால், அண்ணல் கையில் இருக்கும் புத்தகம் நம் வீட்டுக்கு வரும்.